மனைவியின் பெயரில் ஒரு வரி

அன்று காலை தையல்கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். வெட்டும் மேஜைக்குப் பின்னால் கடையின் சொந்தக்காரரான மாஸ்டர். ஜன்னலோர மெஷினில் அவர் மனைவி. மூலையில் கம்ப்யூட்டரின் முன்னால், அலுவலக விடுமுறை நாளென்று வந்து உட்கார்ந்திருந்த அவர்களுடைய மகள். வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றுகொண்டிருந்த பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர். வேறு ஒரு ஆள் கிடையாது. பிறகு இதைப் பற்றிப் பேசியவர்கள் தெரு முழுக்க உண்டு. கண்ணால் பார்த்தவர்கள் இவ்வளவுதான். அவர்களிலும் இஸ்திரிக்காரர் பாதியில் கிளம்பிப்போனவர்.

மழை விடாமல் பெய்து தெரு நசநசவென்று கிடந்த வாரம் அது. துணியெல்லாம் ஈரக்காற்றைக் குடித்துத் தொய்ந்துபோய், வெட்டினால் ஓரம் நெளிந்தது. இஸ்திரிக்காரருக்கு மட்டும் நல்ல வியாபாரம். அந்தச் சந்தோஷத்தில் டீ டம்ளரோடு வந்து கதை பேச நின்றார். அவரை அந்தத் தெருவில் ரேடியோ என்பார்கள். மாஸ்டருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அரை இஞ்ச். தைத்து முடித்த சட்டையை அரை இஞ்ச் பிசகுக்காகப் பிரித்துப் போட்டவர் என்பதால் வந்த பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பெயர் இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்து உள்ளுக்குள் நிமிர்ந்து நடந்தவர்தான்.

இந்தக் குடும்பத்துக் கை வேலை திரும்பி வந்தது என்று ஒரு பேச்சு அதுவரை எழுந்ததில்லை. அவர் வெட்டுவார், மனைவி தைப்பாள். அதிலும் சட்டைக்குக் கை ஏற்றுவது அவள் வேலை. உடம்புத் துண்டின் வளைவும் கைத்துண்டின் வளைவும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு சுருக்கம் விழக்கூடாது. அவள் ஏற்றிய கையைத் தடவிப் பார்த்தால் தையல் இருக்கும் இடம் விரலுக்குத் தட்டாது. அதை அவள் ஒருநாளும் வாய்விட்டுப் பெருமையாகச் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டும் என்ற நிலைமையும் இல்லை.

கடைக்குள் கம்ப்யூட்டர் வந்தது மகளால். உடம்பின் அளவுகளைக் கொடுத்தால் துணியை எப்படி வெட்ட வேண்டும் என்று கோடு போட்டுத் தரும் ஒரு மென்பொருளை அவள் அதில் ஏற்றிக் கொடுத்தாள். அந்தக் கோடுகளைச் சாதாரணத் தாள்களில் அச்செடுத்து, தாள்களை ஒட்டி, துணிமேல் பரப்பி வெட்ட வேண்டியதுதான். காசில்லாமல் கிடைப்பது. எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள், எழுதியதை ஒளித்து வைப்பதில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்றாள் மகள். அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அலுவலக நேரம் போக, புதியவர்களுக்கான உதவிப் பக்கங்களை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் முதலில் உதட்டைப் பிதுக்கினார். பிறகு ஒரு காலரை அச்செடுத்துப் பார்த்தார். பிறகு தினமும் பார்த்தார். ஒருநாள் காலர் முனை கோணலாக வந்தபோது மகளிடம் சொன்னார். அதை நீங்களே அவர்களுக்கு எழுதுங்கள், அப்படி எழுதுவதற்கென்றே ஆள் தேவைப்படுகிறது, அதற்குப் பெயர் சோதனையாளர் என்றாள் அவள். சும்மா கொடுக்கிறவர்களிடம் போய்க் குறை சொல்வதா என்று அவர் தயங்கினார். சாப்பாடு போட்டவள் முகத்துக்கு நேராக உப்பு இல்லை என்று சொல்வது போலல்லவா அது. உப்பில்லை என்று ஒருவர் சொன்னால்தானே அடுத்த பந்திக்குச் சரியாக வரும் என்று மகள் மடக்கினாள்.

அவர் எழுதிய முதல் புகார் ஒரே வரி. காலர் சரியில்லை. பதிலுக்கு அவர்கள் கேள்விகளாக அனுப்பினார்கள். எந்தப் பதிப்பு, எந்த அளவுகளைக் கொடுத்தீர்கள், முதலில் எதை அழுத்தினீர்கள், அடுத்து எதை, என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது. மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள் என்றார். மறுநாள் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து அந்தக் கோணல் சரியாயிற்று. புதிய பதிப்பின் குறிப்பில், பிழையைக் கண்டு சொன்னவர் என்று அவர் பெயர் இருந்தது.

அந்தப் பக்கத்தை இஸ்திரிக்காரருக்குக் காட்டினார். இஸ்திரிக்காரர் அதைத் தெருவுக்குச் சொன்னார். மாஸ்டர் பேரு உலகம் பூராப் போயிடுச்சு, நம்ம பேரு பக்கத்துத் தெருவுக்கே போகல என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அங்கலாய்த்தார். மாஸ்டர் அதைக் கேட்டும் கேளாதது போல் சாக்குக்கட்டியைச் சீவிக்கொண்டிருந்தார்.

அந்த ருசிதான் பின்னால் அவரைக் கெடுத்தது.

பருத்த உடம்புள்ள ஒரு வாடிக்கையாளருக்கு அச்செடுத்தபோது அவர் பெரிய பிழை ஒன்றைப் பிடித்தார். முதல் தாளில் ஒரு சதுரம் அச்சாகும். அளவுகோலை அதன்மேல் வைத்து, பத்து சென்டிமீட்டர் இருந்தால் அச்சு சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சதுரம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய அளவுச் சட்டைக்குத் தாள்கள் அதிகமாகும்போது, அவரிடமிருந்தது போன்ற பழைய வகைப் பிரிண்டரில், பின்னால் வரும் தாள்கள் கொஞ்சம் சுருங்கி வந்தன. கைத்துண்டு அந்தத் தாள்களில்தான் இருந்தது. வெட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். விவரமாக எழுதி அனுப்பினார். அவர்கள் வியந்துபோய் நன்றி சொன்னார்கள். சில நாளில் திருத்தமும் வந்தது.

இனி அதைச் சோதிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு திருத்தம் புதிய பதிப்பில் சேர வேண்டுமானால் வெவ்வேறு இடத்தில் இருக்கும் இரண்டு பேர் சோதித்து, சரி என்று எழுத வேண்டும். எல்லாத் தாள்களையும் அச்செடுத்து, ஒட்டி, கைத்துண்டை அளந்து பார்த்த பிறகே எழுத வேண்டும் என்றும் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கும் மழை. தாள் நமத்துப்போய்ப் பிரிண்டரில் சிக்கியது. மையும் அடித்தட்டில் இருந்தது. மாஸ்டர் முதல் தாளை மட்டும் எடுத்தார். சதுரத்தை அளந்தார். பத்து. தன் பிழைக்குத்தானே இந்தத் திருத்தம், இத்தனை படித்தவர்கள் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள், மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். சோதித்தேன், சரி என்று எழுதினார். சதுரத்தை நம்பாதே என்று உலகத்துக்கு எழுதி அனுப்பியவரே சதுரத்தை நம்பினார்.

இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. சோதிப்பவர்களில் வேறு யாரிடமும் அந்தப் பழைய வகைப் பிரிண்டர் இல்லை. பதிப்பு வெளிவரும் நாள் நெருங்கியது. தன் பெயர் இந்தத் தடவையும் குறிப்பில் வரும் என்று அவர் ஏற்கெனவே இஸ்திரிக்காரரிடம் சொல்லிவைத்திருந்தார். மகள் ஒரு சமயம் தாய்க்கும் அந்தக் கூட்டத்தின் இணையதளத்தில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்திருந்தாள். எனக்கு எதுக்கு இதெல்லாம், தைக்கிற வேலை கிடக்கு என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கில் ஊர், விலாசம் எதுவும் கொடுத்திருக்கவில்லை. கடவுச்சொல் மாஸ்டரிடம் இருந்தது.

ஒரு மத்தியானம், மனைவி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவர் அந்தக் கணக்கைத் திறந்தார். சரி என்று மட்டும் எழுதினால் ஒரே கை எழுதியது போலத் தெரியும் என்று தோன்றியது. அதனால் அவள் எழுதினால் எப்படி எழுதுவாளோ அப்படி எழுதினார். நான் தையல் வேலை செய்கிறவள், கைத்துண்டை வெட்டி, சட்டையில் ஏற்றித் தைத்துப் பார்த்தேன், சுருக்கமில்லாமல் உட்காருகிறது.

அதற்குப் பிறகு அவர் பெரிய அளவு எதையும் அச்செடுக்கவில்லை. பருத்தவர்கள் வந்தால் டேப்பைப் பிடித்து அளந்து, சாக்குக்கட்டியால் நேராகத் துணியிலேயே கோடு போட்டார். ஏன் மறுபடியும் பழைய மாதிரி என்று மனைவி கேட்டதற்கு, மழைக்குத் தாள் சரிப்படவில்லை என்றார். புதிய பதிப்பு வந்தது. குறிப்பில் அவர் பெயரும் அவள் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. அந்தப் பக்கத்தை அவர் யாருக்கும் காட்டவில்லை. அலுவலக வேலை நெருக்கியதில் மகளும் பார்க்கவில்லை. இஸ்திரிக்காரர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் நெட் வரவில்லை என்று சொன்னார். தைத்து முடித்த துணிகளை எடுத்து எடுத்து அளந்துகொண்டிருந்தார். அளந்ததையே மறுபடி அளந்தார்.

அன்று காலை மகள் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முகம் மலர்ந்தாள்.

"அம்மா, உனக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு. உன் கணக்குக்கு. ஒரு அக்கா எழுதியிருக்காங்க."

"எனக்கா? எனக்கு யாரு எழுதுவா?"

"பார்றா, அண்ணிக்கு ரசிகருங்கல்லாம் வர ஆரம்பிச்சுட்டாங்க" என்றார் இஸ்திரிக்காரர்.

மாஸ்டரின் கையில் கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் மகள் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

எழுதியவள் எங்கோ ஒரு ஊரில் வீட்டிலிருந்தே தைப்பவள். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான மேலங்கிகள் அவளுக்கு மொத்தமாகக் கிடைத்த முதல் வேலை. பெரிய அளவுகள். தன்னிடமிருந்த பழைய வகைப் பிரிண்டரில் புதிய பதிப்பை அச்செடுத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டாள். ஒரு கையும் சேரவில்லை. எல்லாம் குட்டை. துணி போயிற்று, வேலையும் போயிற்று. அவள் கோபப்பட்டு எழுதவில்லை. கடைசி வரிகளை மகள் மெதுவாக வாசித்தாள்.

"'எனக்குக் கம்ப்யூட்டர் சரியா வராது. நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கணும். நீங்களும் என்னை மாதிரி தைக்கிறவங்க. கையை ஏத்தித் தைச்சுப் பாத்தேன்னு நீங்க எழுதியிருந்ததைப் படிச்சுத்தான் தைரியமா வெட்டினேன். உங்களுக்கு எப்படிச் சரியா வந்துச்சுன்னு சொன்னீங்கன்னா, என் தப்பைத் திருத்திக்குவேன் அக்கா.'"

மெஷின் நின்றிருந்தது. 

"நான் எப்ப தைச்சுப் பாத்தேன்?" என்றாள் மனைவி. மகளைப் பார்த்துத்தான் கேட்டாள். மகள் திரையை மேலே தள்ளி, அந்த வரியைத் தேடி எடுத்து, தாயின் பெயரையும் தேதியையும் பார்த்தாள். பிறகு திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். இஸ்திரிக்காரர் டம்ளரில் மிச்சமிருந்த டீயை வாசலில் ஊற்றிவிட்டு, கரி அணைஞ்சிரும் என்று முணுமுணுத்தபடி போய்விட்டார். அந்த ஒரு நாகரிகம் அவருக்கு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மனைவி எழுந்தாள். குரல் உயரவில்லை.

"பெரிய சட்டை ஒண்ணை அச்செடும்மா. எல்லாத் தாளும்."

பிரிண்டர் இழுத்து இழுத்து ஒவ்வொரு தாளாகத் துப்பியது. நடுவில் ஒன்று சிக்கியது. மகள் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி கொடுத்தாள். மனைவி தாள்களை வெட்டும் மேஜையில் பரப்பி, ஓரம் பார்த்து ஒட்டினாள். மாஸ்டர் ஒதுங்கி நின்றார். அது அவர் மேஜை. அன்றைக்கு அவருக்கு அதில் இடமில்லை. கைத்துண்டையும் உடம்புத் துண்டையும் வெட்டி எடுத்து, வளைவோடு வளைவாக நடத்திக்கொண்டே வந்தாள். முடிவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே கைத்துண்டு தீர்ந்துவிட்டது. உடம்பின் வளைவு மிச்சம் இருந்தது. அந்த இடைவெளியில் இரண்டு விரலை வைத்துக் காட்டினாள். 

"திருத்தம் முதல் சில தாளுக்குத்தான் வேலை செய்யுது" என்றாள் மகள். "ஒரு தடவை எல்லாத் தாளையும் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ப்பா. நான் அந்தக் குழுவுல எங்கப்பா சொன்னா சரியா இருக்கும்னு சொல்லி வச்சிருந்தேன்."

மாஸ்டர் அப்போது சொன்னதுதான் இந்தக் குடும்பத்தின் சரித்திரத்தில் சொல்லக்கூடாத சொல். ஆனால் சொன்னார். விரல் நுனியால் மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டே, மகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்ல, பழைய தாளைப் பாத்துத் தப்பா எழுதிட்டாங்கன்னு போட்ரு. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. உன் பேரும் கெடாது."

"உங்க பேரும் கெடாது" என்றாள் மனைவி.

"நம்ம குடும்பப் பேரைச் சொல்றேன்."

"அதுல நான் இருக்கேனா இல்லையா?"

 அவள் மெஷினுக்குப் போய் உட்கார்ந்தாள். விட்ட இடத்தில் ஊசியை இறக்கினாள்.

"அப்பா சொல்றபடியே எழுதும்மா. என் பேர்ல ஏற்கெனவே ஒண்ணு எழுதியாச்சு. இன்னொண்ணு எழுதினா என்ன கொறஞ்சிரப் போகுது? இத்தனை வருஷத்துல நான் ஏத்தின கை ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல. இப்ப ஒரு வண்டி கை திரும்பி வந்திருக்கு, நான் தொடாமலே. அந்தப் பொண்ணு தன்னைத் தானே திட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. அவளுக்கு நான் முட்டாள்னு தெரிஞ்சா கொஞ்சம் ஆறுதலா இருக்கும். எழுது."

மகள் எழுதவில்லை. எழுந்து நின்றாள். நாற்காலி காலியாக இருந்தது.

 மனைவி ஒரு சட்டையின் இரண்டு கைகளையும் ஏற்றி முடிக்கும் வரை மாஸ்டர் நின்றார். பிறகு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தன்னுடைய சொந்தக் கணக்கில், எல்லோரும் பார்க்கும் பொதுப் பக்கத்தில், ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தார். மகள் உதவிக்கு வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

அவர் எழுதியது இவ்வளவுதான். இந்தத் திருத்தத்துக்குச் சரி என்று எழுதிய இரண்டு பேரும் நான்தான். ஒரு தாளைத் தவிர எதையும் அச்செடுக்கவில்லை. தைத்துப் பார்த்ததாக எழுதியது பொய். என் மனைவிக்கு இது தெரியாது. அவர் பார்த்திருந்தால் சரி என்று எழுதியிருக்க மாட்டார். என் மகளுக்கும் தெரியாது. இன்று எல்லாத் தாள்களையும் எடுத்து அளந்தோம். கைத்துண்டு குட்டையாக வருகிறது. பதிப்பை நிறுத்துங்கள். இதை நம்பி வெட்டித் துணியை இழந்த பெண்ணிடம் தப்பு அவருடையது இல்லை என்று சொல்லுங்கள்.

கீழே, அவர்கள் எப்போதும் கேட்பது போல, பதிப்பு, கொடுத்த அளவுகள், அழுத்திய வரிசை, எதிர்பார்த்தது, வந்தது என்று எல்லாவற்றையும் எழுதினார். அவர் எழுதியதிலேயே குறையில்லாத அறிக்கை அதுதான் என்று மகள் பிற்பாடு சொன்னாள்.

அனுப்பிவிட்டுத் திரும்பியபோது மனைவி அவரைப் பார்க்கவில்லை. "உங்க சாப்பாடு மூடி வச்சிருக்கு" என்றாள். எப்போதும் சொல்கிற அதே குரல்தான். அந்த மாறாத குரல்தான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

பதிப்பை மறுநாளே திரும்பப் பெற்றார்கள். திட்டி ஒருவரும் எழுதவில்லை. மனைவியின் பெயரில் இருந்த கணக்கை மூடினார்கள். மாஸ்டரின் சொல்லை மட்டும் ஒரு காலத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டோம், அவர் சோதித்தாலும் வேறு இருவர் சோதிக்க வேண்டும் என்று மரியாதையாகத் தெரிவித்தார்கள். அவர் சரி என்று பதில் எழுதினார். அந்தத் தொலைதூரத்துப் பெண்ணுக்கு மனைவி மகளிடம் சொல்லி எழுதவைத்தாள். என்ன எழுதினாள் என்று மாஸ்டர் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை. அதற்கு வந்த பதிலையும் தாயும் மகளும் தாங்களே படித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து மாஸ்டர் தன் பங்குக்கு நல்ல துணியாகப் பார்த்து எடுத்து, அனுப்புவதற்கு விலாசம் கேட்டார். அவங்க வேண்டாம்னுட்டாங்க என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி.

அவர் இப்போதும் சோதிக்கிறார். ஒவ்வொரு தாளையும் அச்செடுக்கிறார், ஒட்டுகிறார், அளக்கிறார். கைத்துண்டை ஏற்றித் தைத்துப் பார்க்க வேண்டி வரும்போது, கடை மூடிய பிறகு பழைய துணியில் தானே தைக்கிறார். அவர் ஏற்றும் கையில் சுருக்கம் விழுகிறது. பிரித்து மறுபடி தைக்கிறார். அவளிடம் கேட்பதில்லை.

இதற்குள் இஸ்திரிக்கடையிலிருந்து கிளம்பிய ஒரு பேச்சு தெருவில் நடமாடுகிறது. மாஸ்டரும் அவர் மனைவியும் சமாதானமாகிவிட்டார்கள், இப்போது இருவரும் ஒன்றாக உட்கார்ந்துதான் அந்த வேலையைச் செய்கிறார்கள், அவர் அச்செடுக்க அவள் தைத்துப் பார்க்கிறாள் என்று.

அப்படி எதுவும் இல்லை. அவர் தனியாகத்தான் செய்கிறார்.